புதுச்சேரி முழுவதும்

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். "புதுச்சேரி முழுவதும் ஒலிக்கும் நம்ம ஊர்க் குரல்." ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த வார விருந்தினரை அறிமுகப்படுத்துவேன். முழுவதும் என்ற சொல்லில் வரும் ழகரத்தை ஒரு இழுப்பு இழுப்பேன். இளம் வயதில் அரசு வானொலியின் குரல் தேர்வுக்கு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டு வந்தவள் நான். அந்த வயிற்றெரிச்சல் மொத்தமும் அந்த ழகரத்தில் இருந்தது.

எங்களுடையது சமுதாய வானொலி, ஓர் அறக்கட்டளை நடத்துவது. மாடியில் இரண்டு அறை, மொட்டை மாடியில் ஒலியை அனுப்பும் ஒரு கம்பம், அவ்வளவுதான் நிலையம். பதிவின்போது சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். எங்கள் விருந்தினர்கள் அத்தனை பேரும் வியர்வையில் குளித்தபடிதான் தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். வார நாட்களில் நான் மூலக்குளத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை பதிவு, ஞாயிறு ஒலிபரப்பு, புதன்கிழமை காலை அதுவே இன்னொரு தடவை. பல வருடங்களாக என் வாரம் இப்படித்தான் ஓடியது.

ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டவர் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வயர், கம்பம், தூரம், இந்த மூன்றைத் தவிர உலகத்தில் வேறு விஷயமே இல்லை அவருக்கு. என் வாக்கியத்தை முதல் நாளே ஆட்சேபித்தார்.

"மேடம், முழுவதும்னு சொல்லாதீங்க. நம்ம கம்பம் பாகூர் போறதுக்குள்ளயே மூச்சு வாங்குது. சேதராப்பட்டுல பாதி நாள் கேக்குது, பாதி நாள் இல்ல."

"சார், அது சும்மா அழகுக்கு."

"அழகுக்குன்னா சொல்லுங்க. ஆனா இல்லாததச் சொல்றோம்னு தெரிஞ்சே சொல்லுங்க."

கம்பம் பார்க்கிற ஆளுக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டிவிட்டு, அதையே வாராவாரம் சொல்லி வந்தேன்.

வாராவாரம் ஒரு விருந்தினரைப் பிடிப்பது லேசான காரியமில்லை. எங்களுக்குப் பெரிய மனிதர்கள் வேண்டாம். தெருவில் பார்க்கிற ஆட்கள்தான் வேண்டும். பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவர் வந்தார். அங்கே அவர் குரல் நாலு வரிசை தாண்டிக் கேட்கும். மைக்கைப் பார்த்ததும் குரலை இறக்கி, அரைமணி நேரமும் ரகசியம் சொல்வதுபோலப் பேசிவிட்டுப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரெஞ்சில் 'அப்புறம்' என்று பொருள்படும் 'அலோர்' போட்டே ஆரம்பித்தார். நான் அத்தனை அலோரையும் வெட்டி எறிந்துவிட்டேன். திங்கட்கிழமை நிலையத்துக்கே வந்து, "என் அலோர் எல்லாம் எங்க மேடம்?" என்று சண்டைக்கு நின்றார். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள், என் மூன்றாவது கேள்விக்கு நடுவிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. அந்த வாரம் பாட்டுப் போட்டு ஒப்பேற்றினோம்.

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்கு 'ஒரு வார்த்தை' என்று பெயர் வைத்திருந்தேன். அதுவும் என் யோசனைதான். விருந்தினர் யாரிடமாவது ஏதாவது சொல்ல நினைத்தால் அப்போது சொல்லலாம். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்துதான் வரும். வீட்டுக்காரர் குடியை விடணும் என்று ஒரு அம்மா கேட்டுக்கொண்டார். அவர் விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், பாய், துடைப்பம், முறம், கயிறு விற்கும் சின்னக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் முஸ்லிம், அறுபது வயதுக்காரர். மார்க்கெட் முழுக்க அவருக்கு 'பாய்க்கடை பாய்' என்றுதான் பெயர். அந்தக் கேலியை அவரே முதலில் எடுத்துக்கொள்வார். "கோரைப் பாய் இருக்கு, பிளாஸ்டிக் பாய் இருக்கு, இந்தப் பாயும் இருக்கேன். எது வேணும்?" என்பார். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், கட்டிக் கொடுத்தாயிற்று. இவ்வளவுதான் எனக்கு அவரைப் பற்றித் தெரியும்.

இரண்டு வருடமாக நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு இன்னா தெரியும் பேச?" என்று தட்டிக்கழித்தே வந்தார். ஒரு ஜூலை மாதம், நான் வீட்டுக்குப் பாய் பார்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார்.

"ரேடியோம்மா, உங்க ரேடியோ புதுச்சேரி முழுக்கக் கேக்கும்தானே?"

"முழுக்க பாய். மூலை முடுக்கெல்லாம் கேக்கும்."

"அப்ப வர்றேன்."

அந்த வாரத்துக்குச் சொல்லிவைத்திருந்த ஆள் வரவில்லை என்று கைவிரித்திருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். வாங்க வந்த பாயை வாங்காமலேயே ஓடினேன்.

சனிக்கிழமை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்தினோம். பாயைப் பற்றி இருபது நிமிடம் பிரமாதமாகப் பேசினார். ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. "கல்யாணத்துக்குப் பாய் வாங்குறவங்க பத்துப் பாயப் பிரிச்சுப் பாப்பாங்க. ஓரம் சரியில்லம்பாங்க, சாயம் போவுமாம்பாங்க. சாவு வீட்டுக்கு வாங்க வர்றவங்க பிரிக்கவே மாட்டாங்க. சுருட்டி வச்சிருக்கிறத அப்படியே தூக்கினு போயிடுவாங்க. வாசல்ல நிக்கிறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்."

பிறகு நான் என் வழக்கமான குரலில், "ஒரு வார்த்தை. யாருக்குச் சொல்றீங்க?" என்றேன்.

தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார். மைக்கைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அத்தா பேசுறேம்மா. நல்லாருக்கியா? பாப்பா நல்லாருக்கா? ரெண்டு வருசத்துக்கு முன்னால மாமியாக்காரி கொடும தாங்கலன்னு பாப்பாவ இடுப்புல வச்சினு, ஒரு பையத் தூக்கினு வந்தே. மூணு நாள் வச்சிருந்தேன். நாலாம் நாள் நானே பஸ் ஸ்டாண்டுக்கு இட்டுனு போயி ஏத்தி விட்டேன். 'இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அத்தா'ன்னு சொன்னே. ஊர் இன்னா பேசும்னு கேட்டேன். தப்பும்மா. உங்கம்மா இருந்திருந்தா என்னையச் செருப்பால அடிச்சிருப்பா."

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமயானா ஜும்மா தொழுதுட்டு வந்து ஒனக்குப் போன் போடுறேன். நீ எடுக்குறதில்ல. அடிச்சினே இருந்தா ஒனக்குத் தொந்தரவுதானே? இனிமே அடிக்க மாட்டேன். ஒம் மனசு என்னைக்கு ஆறுதோ அன்னைக்கு ஒரு மிஸ்டு கால் குடு. ஒண்ணே ஒண்ணு போதும். நான் வந்து இட்டாந்துடுறேன். அது வர்ற வரைக்கும் ஒனக்கு இன்னும் ஆறலன்னு நெனச்சிக்கிறேன். அல்லா மேல ஆணையா நானா அடிக்க மாட்டேன்."

என் கண் கலங்கியது உண்மை. அதே நேரத்தில், இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பதிவு கிடைத்ததில்லை என்று உள்ளே ஒரு சந்தோஷம் துள்ளியதும் உண்மை. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஊர்ப் பெயர், தெருப் பெயர் என்று போனால் அந்த உருக்கம் கலைந்துவிடும் என்று பட்டது. வில்லியனூர், அரியாங்குப்பம், இப்படி எங்காவது இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பானது. நிலையத்துக்கு அன்றுபோல் என்றைக்கும் அழைப்பு வந்ததில்லை. புதன்கிழமை மறுபடி போட்டபோது மார்க்கெட்டில் பூக்கட்டுகிற பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். அதற்குப் பிறகு பாய்க்கடையைக் கடக்கிற எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "பொண்ணு மிஸ்டு கால் குடுத்துச்சா பாய்?" மீன் வெட்டும் அம்மா கடை முன்னால் நின்று கேட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

முதல் வெள்ளிக்கிழமை எப்படிப் போனது என்று பிறகு ஒருநாள் பாய் சொன்னார். தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்ததும் கை தானாகப் போனை எடுத்ததாம். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சி அழுத்தினு உக்காந்துட்டேன் ரேடியோம்மா. மூணு மணிக்குத்தான் கைய எடுத்தேன்." அவருடையது பொத்தான் வைத்த பழைய போன். அதைப் பாய்க்கட்டின் மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருப்பார். சார்ஜ் இறங்கிவிடக் கூடாது என்று பக்கத்து டீக்கடையில் இருந்து ஒரு வயரை இழுத்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "வரும் பாய், வரும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். எனக்கென்ன, வாயில் இருக்கிற காற்றுதானே. அவர் கேலி பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் என்னைப் பார்க்காமல் துடைப்பங்களை அடுக்கியபடி சொன்னார்: "ஊரே கேட்டிருக்கு. அவளும் கேட்டிருப்பா. கேட்டும் ஆறலன்னா, நான் பண்ணது அவ்ளோ பெருசுதான்."

நவம்பர் மழையில் ஒரு சாயங்காலம் அவர் கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றேன். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"பொண்ண எங்க பாய் குடுத்திருக்கீங்க? வில்லியனூர் பக்கமா?"

"காரைக்கால்ல."

"காரைக்கால்லயா?"

"ஆமா. இன்னா அப்படிக் கேக்குறீங்க? காரைக்காலும் நம்ம புதுச்சேரிதானே?"

இங்கே புதுச்சேரி என்றால் இரண்டு. கடற்கரையும் மார்க்கெட்டும் இருக்கிற இந்த ஊர் ஒரு புதுச்சேரி. பஸ் ஏறி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று நாலு மணி நேரம் தமிழ்நாட்டுக்குள்ளேயே போய் இறங்கினால் வருகிற காரைக்காலும் புதுச்சேரிதான். ரேஷன் கார்டில், தேர்தலில், அரசாங்கக் காகிதத்தில் எல்லாம் இரண்டும் ஒன்று. நான் ஊரைச் சொன்னேன், அதையும் அளந்துதான் விட்டேன். அவர் மாநிலத்தைக் கேட்டுக்கொண்டார். எங்கள் கம்பம் பாகூருக்கே மூச்சு வாங்குகிற கம்பம்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நான் குடையை விரித்து, "மழை விட்டுடுச்சு பாய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மழை விடவில்லை, கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மார்க்கெட்டுக்கு வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன். ஒலிப்பதிவுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அப்பவே சொன்னேன் என்று அவர் ஆரம்பித்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு நம்பர வாங்குங்க மேடம். பதிவ வாட்ஸ்அப்ல அனுப்பினா ரெண்டு நிமிஷ வேல" என்றார். எனக்கும் அது தெரியும். நம்பர் வாங்க வேண்டுமானால் பாயிடம் போய், நான் புளுகினேன், உங்கள் மகள் கேட்கவே இல்லை, நாலு மாதமாக நீங்கள் சும்மா செத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அந்தச் சமயத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி முழுவதும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ழகரத்தை இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்து ஒருநாள், மீன் வெட்டும் அம்மா மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பாய் உன்னத் தேடினு கெடக்குறாரு, நீ எங்க ஒளிஞ்சினு கெடக்குற?" என்று கேட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடைக்கு அனுப்பிவைத்தார். பாய் மெலிந்திருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரு ஒதவி ரேடியோம்மா. நான் பேசினத இன்னொரு தபா போட முடியுமா? அன்னைக்கு அவ வூட்ல கரண்டு இல்லாம இருந்திருக்கும். புதன்கிழம பாப்பாவுக்கு ஒடம்பு முடியாம போயிருக்கும். ஒரே ஒரு தபா."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதை, நவம்பரிலேயே எனக்குத் தெரியும் என்பதை, தெரிந்தும் ஓடி ஒளிந்ததை. அவர் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப அவ கேக்கவே இல்லயா?"

"இல்ல பாய்."

"ஒரு வார்த்தகூடக் கேக்கல?"

"கேட்டிருக்க முடியாது பாய்."

அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. எழுந்து நின்று சிரித்தார். "அவ கேக்கல! அல்ஹம்துலில்லா. நான் ஒரு கேனையன், கேட்டும் மனசு எறங்கலன்னு நெனச்சினு..." என்று பக்கத்து டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். என்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே நம்பரை அழுத்தி, நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிக்கவில்லை. ஒரு பெண் குரல் வந்தது. நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை என்று தமிழில் சொல்லி, அதையே ஆங்கிலத்தில் ஆரம்பித்தது.

"டவர் இல்ல போல" என்றார்.

மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். டவர் இல்லாததற்கு வேறு மாதிரி சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"நாளைக்கே போலாம் பாய், நானும் வரேன்" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு காரைக்கால் பஸ் ஏறினேன். பேத்திக்கு ஒரு பொம்மை, மகளுக்கு மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகை, வாழையிலையில் சுற்றியது, அவர் மடியில் இருந்தது. மணி ஒன்பதுக்கு என் போனில் ரேடியோவைப் போட்டு காதில் மாட்டிக்கொண்டேன். மறு ஒலிபரப்பு நேரம். அரியாங்குப்பத்தில் என் குரல் கணீரென்று இருந்தது. தவளக்குப்பம் தாண்டியதும் தொண்டை கட்டியது. கன்னியக்கோயிலில் கரகரப்பு. எல்லையைத் தாண்டி கடலூர்ப் பாலம் வருவதற்குள் நான் சுத்தமாகக் காணாமல் போயிருந்தேன். அதற்குப் பிறகும் மூன்றரை மணி நேரம் பஸ் ஓடியது.

கதவைத் திறந்தது மகள்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "உள்ள வாங்க அத்தா" என்றாள். என்னையும் பார்த்துத் தலையசைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். உள்ளறையில் மாமியார் இருமும் சத்தம் கேட்டது. நாலு வயதுப் பெண் குழந்தை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, பொம்மையை வாங்க வரமாட்டேன் என்றது. அந்தக் குழந்தைக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். பதிவு என் போனில் இருந்தது. "அஞ்சு நிமிஷம்தான், கேளுங்கம்மா" என்று நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் பையத் தூக்கினு வந்ததச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"மாமியார் கொடுமன்னு?"

அதற்கும் தலையாட்டினார்.

"மீன்காரம்மா, பூக்காரம்மா, டீக்கடைக்காரரு, எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"ஊர் இன்னா பேசும்னுதானே என்னைய பஸ் ஏத்தி விட்டீங்க. இப்ப ஊருக்கு நீங்களே சொல்லிட்டீங்க. எங்கிட்ட மட்டும்தான் சொல்லல."

அவள் குரல் உயரவே இல்லை. நீட்டியிருந்த போனை நான் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பாய் மல்லிகைப் பொட்டலத்தைப் பிரித்து, திரும்பக் கட்டி, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார்.

"நம்பர ஏம்மா மாத்திட்டே?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழம ரெண்டு மணிக்கு அடிக்கும் அத்தா. கையிலயே வச்சினு இருப்பேன். எடுத்தா அழுதுடுவேன்னு எடுக்க மாட்டேன். நின்ன பொறவு பாப்பாகிட்ட சொல்லுவேன், தாத்தா போன் பண்ணாருன்னு. அது போதும் அந்த வாரத்துக்கு. ஜூலையில ஒரு வெள்ளிக்கிழம அடிக்கல. ஒடம்பு சரியில்லயோன்னு பக்கத்து வூட்டுப் போன்லேருந்து கடைக்குப் போட்டேன். நீங்கதான் எடுத்து ஹலோன்னீங்க. நல்லாத்தான் இருந்தீங்க. வச்சிட்டேன். டிசம்பர் வரைக்கும் பாத்தேன். அப்புறம் சிம் கார்ட ஒடச்சிப் போட்டுட்டேன்."

டிசம்பர் என்று அவள் சொன்னதும் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. நான் நவம்பரில் குடையை விரித்துக்கொண்டு ஓடிய அன்று அந்த சிம் உயிரோடுதான் இருந்திருக்கிறது. ரெண்டு நிமிஷ வேலை. நான் அரைப்பரீட்சைத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் அவள் வெள்ளிக்கிழமைதோறும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"ஒனக்குத் தொந்தரவுன்னுதாம்மா நிறுத்துனேன்" என்றார் பாய்.

"நான் எடுக்கலன்னா அடிக்கிறத நிறுத்திடுவீங்களா அத்தா?"

அவர் எழுந்து, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். அவள் இங்கேயே பழகிவிட்டது என்றாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகவும் சொன்னாள். புது நம்பரையாவது கொடு என்று கேட்டார்.

"வேணாம் அத்தா. அடிக்குமா அடிக்காதான்னு மறுபடி உக்காந்து பாக்க என்னால ஆவாது."

மல்லிகையை மட்டும் வாங்கிக்கொண்டாள். நாங்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் குழந்தை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் பாய்க்குச் சிதம்பரத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறவிட்டுக் கீழே ஊற்றினார். என்னை ஒரு வார்த்தை திட்டிவிட மாட்டாரா என்று நாலு மணி நேரமும் ஏங்கினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "லீவு போட்டு வந்தீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறாமல் நடந்தே போனார்.

அந்த ஞாயிறு வாக்கியத்தை எடுத்துவிட்டேன். வணக்கம் சொல்லி நேராக விருந்தினருக்குப் போனேன். 'ஒரு வார்த்தை' பகுதியையும் நிறுத்தினேன். ஒலிப்பதிவுக்காரர் இரண்டையும் கவனித்தார். நேயர்கள் இரண்டு பேர் அந்தக் கடைசிப் பகுதி ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். நேரம் போதவில்லை என்று பதில் சொல்லச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. பாய் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ஈரம் காயவில்லை. சரியாக இரண்டு மணிக்குப் போனை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, காதில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கரகரப்பே இல்லாத குரல். உபயோகத்தில் இல்லை என்று தமிழில் சொல்லி முடித்து, ஆங்கிலத்திலும் சொல்லி முடிக்கும் வரைக்கும் காதில் இருந்து எடுக்கவில்லை.

"பாய், அந்த நம்பர் இல்லயே" என்றேன்.

"தெரியும்" என்று போனைப் பாய்க்கட்டின் மேல் வைத்தார். "நிறுத்திடுவீங்களான்னுதானே கேட்டா?"

அதற்குள் ஒரு ஆள் வந்து நின்றார். பாயைப் பிரித்துப் பார்க்காமல், சுருட்டி வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். பாய் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் இரண்டு மணிக்கு அடித்தார்.